முதுகுக்கு நட்டஈடு எங்கே?

திருகோணமலைத் துறைமுகத்தின் எழிலைப் பாடாத கவிஞர் நம்மிடையே அரியர். அக்கரையில் மூடை சுமக்கும் நாட்டாமையின் தோளையும் பாடினோம். அவனுடைய நாரியைப் பாடினோமில்லை. நாற்பது வயதிலேயே பாயிலிருந்து எழச் சுவரைப் பற்றுகிறானே, அவன் நம் இலக்கியத்துக்கு ஆகாதவனோ?

வாயுப்பிடிப்பு, கன்னியா வெந்நீரில் குளித்தால் போகும் என்பர் சிலர். சோம்பல் என்பார் மேற்பார்வையாளர். 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ரமாசினி சுமைகாரரின் நோய்களை ஆராய்ந்து எழுதினார். நோயாளியிடம் அவனது தொழிலையும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். இன்றும் நம்மவர் கேட்பதில்லை.

சீமெந்து மூடை ஒன்று 50 கிலோ. ஒருவன் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று 1967இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் பரிந்துரைத்தது. எல்லைக்குள்தானே என்று கணக்குப்பிள்ளை மகிழலாம். அந்த எல்லை ஒரு மூடைக்கல்லவா? நூறாவது மூடைக்கு எல்லை எது?

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இழந்த உறுப்புகளுக்கு விகிதம் வகுத்தது. விரல் துண்டானதற்குத் தேதி உண்டு, சாட்சி உண்டு. இருபது ஆண்டுகளாய்த் தேய்ந்த முள்ளந்தண்டுக்கு எந்தத் தேதியை எழுதுவான்? தேதியில்லாத காயம் முதலாளிக்கு எவ்வளவு வசதி!

கரும்பலகை முன் நின்றே என் இடுப்பும் முறையிடுகிறது. எனக்குச் சம்பளத்துடன் மருத்துவ விடுமுறை உண்டு. நாட்கூலிக்காரனுக்கு நோவெடுத்தால் அன்று அடுப்பெரியாது.

1957இல் இத்துறைமுகத்தில் பிரித்தானியக் கொடி இறங்கியது, மூடை இறங்கவில்லை. நாளொன்றுக்கு இத்தனை மூடைதான் என்ற வரம்பும், தேய்வுக்கும் நட்டஈடும் வேண்டும். தொழிற்சங்க நண்பர்கள் இதைக் கோரிக்கைத் தாளின் கடைசி வரியில் எழுதாதிருக்கட்டும்.