ஐந்தும் 90 மார்க்... மொத்தம் 59!

மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். அதற்கு கரண்ட் இருக்க வேண்டும். போரில் தண்ணீர் ஊற வேண்டும். ஸ்டார்ட்டர் பிடிக்க வேண்டும். மோட்டார் ஓட வேண்டும். பைப் உடையாமல் இருக்க வேண்டும். ஐந்தில் எது மக்கர் செய்தாலும் குழாயில் காற்றுதான்.

இந்த ஐந்தும் தனித்தனியாக 100 நாளில் 90 நாள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் வரும்? ‘90 நாள்’ என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால், ஒன்றை நம்பி இன்னொன்று வரிசையாக நிற்கும்போது பெருக்கிப் பார்க்க வேண்டும். 0.9-ஐ ஐந்து முறை போட்டுப் பெருக்கினால் வருவது 0.59. அதாவது, 59 நாள்தான் தண்ணீர்!

சரி, ஒரு ஸ்பேர் மோட்டார் வாங்கினால்? இப்போது பழுதைப் பெருக்க வேண்டும். ஒரு மோட்டார் படுத்துவிட வாய்ப்பு பத்தில் ஒன்று. இரண்டும் ஒரே நாளில் படுக்க வாய்ப்பு நூறில் ஒன்று. மோட்டாரின் மார்க் 90-லிருந்து 99 ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்குத் தண்ணீர் வருவது 65 நாள்தான். மற்ற நான்கும் ஒற்றை ஆளாகவே நிற்கின்றனவே! ஐந்துக்கும் மாற்று இருந்தால்தான் 95 நாளைத் தொட முடியும். அவ்வளவு செலவு செய்ய முடியாதா? ஐந்தில் எது அடிக்கடி காலை வாருகிறதோ, அதற்கு முதலில் மாற்று வையுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. முதலாவதைக் கெடுக்கும் காரணம் இரண்டாவதையும் சேர்த்துக் கெடுக்கக் கூடாது.

அது நடந்தால் என்ன ஆகும் என்பதை 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் உலகம் பார்த்தது. பூகம்பத்தில் வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றது. உடனே டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அங்கே இருந்தவை ஒன்றிரண்டு அல்ல, 13! ஆனால், பல ஜெனரேட்டர்களும் மின் பலகைகளும் தரைக்குக் கீழே அடித்தளத்தில் இருந்தன. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி உள்ளே புகுந்தது. 12 ஜெனரேட்டர்கள் பயனற்றுப் போயின. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

தப்பியது ஒன்றே ஒன்று. கடல் நீரை நம்பாமல் காற்றால் குளிரும் ஜெனரேட்டர் அது. தனிக் கட்டடத்தில், சற்று உயரமான தரையில் இருந்தது. அதன் மின்சாரத்தைக் கொண்டுதான் 5, 6-ம் உலைகளைக் காப்பாற்றினார்கள். தண்ணீருக்கு முன்னால் 12 ஜெனரேட்டர்களும் ஒன்றுபோலத்தான். விலகி நின்ற ஒன்றுதான் உண்மையான மாற்று.

வீட்டிலும் இப்படித்தான். குழந்தையின் போட்டோக்கள் போனிலும், அதே போனின் மெமரி கார்டிலும் இருந்தால் அது இரண்டு காப்பி அல்ல. போன் தொலைந்தால் இரண்டும் போச்சு. ஊருக்குப் போகும்போது பாட்டியின் பிரஷர் மாத்திரையும், அவசரத்துக்கு எடுத்துவைத்த இன்னொரு அட்டையும் ஒரே பையில் இருந்தால், பை தவறினால் இரண்டும் தவறும். ஒரு அட்டையைப் பேரன் பையில் போட்டுவிடலாம். மாற்றுச் சாவியைப் பூட்டிய வீட்டுக்குள் மாட்டாமல் பக்கத்துத் தெரு சித்தி வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

ஸ்பேர் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இரண்டையும் ஒரே நேரத்தில் கெடுக்கக்கூடியது எது?’ பதில் கிடைத்தால், இரண்டாவதை அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அது வேலை செய்கிறதா என்றும் போட்டுப் பாருங்கள்.