ரேகை தேய்ந்தது யாருடைய குற்றம்?

உதியன்குளங்கரையிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் கூலிவேலை செய்யும் நம்மவர்களின் கைகளைப் பாருங்கள். ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கிறது. கல்லும் செங்கல்லும் விரல்நுனியைத் தேய்க்கின்றன. இருபது ஆண்டு உழைத்தவனின் பெருவிரல் வழவழத்துப் போகிறது. அந்த விரலை ரேஷன் கடை இயந்திரத்தில் வைத்தால், "நீ யார்?" என்று அது கேட்கிறது. உழைத்ததற்கு இதுதானா பரிசு?

2020 அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் சேர்ந்தது. முன்னுரிமை அட்டை உள்ள தமிழ்நாட்டுக் குடும்பம் எல்லைக்கு இப்புறமும் அரிசி வாங்கலாம். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் அதன் சாவி கைரேகை. சாவி திரும்பாவிட்டால் அரிசி இல்லை.

இயந்திரமாவது ஒழுங்காக ஓடுகிறதா? 2022 ஜனவரியில் சர்வர் சுமை தாங்காமல், கேரளத்தின் பாதி மாவட்டங்களில் காலையிலும் மீதியில் மாலையிலும் கடை திறக்க நேர்ந்தது. 2024 மார்ச்சில் அட்டைதாரர்களை ரேகை வைக்க அழைத்துவிட்டு, சர்வர் படுத்ததும் மஸ்டரிங்கையே நிறுத்தி வைத்தார்கள். வரிசையில் நின்றவனுக்கு அன்றைய கூலியை யார் கொடுத்தார்கள்?

இது வெறும் அலைச்சல் விஷயம் அல்ல, தோழர்களே. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அவள் வீட்டு ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினிச் சாவு என்றாள் தாய். மலேரியா என்றது அரசு. அதன் பிறகுதான் 24-10-2017 அன்று மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது: ஆதார் இல்லை, ரேகை பதியவில்லை என்பதற்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது, அவ்வாறு கொடுத்ததைத் தனியே பதிவு செய்ய வேண்டும். இந்தச் சுற்றறிக்கையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ரேகை பதியாதது ஒரு துன்பம் என்றால், கொடுத்த விவரம் எங்கே போகிறது என்று தெரியாதது இன்னொரு துன்பம். சிம் வாங்க ஆதார், வாடகை அறைக்கு ஆதார் நகல், கண்டிராக்டருக்கு நகல். 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் அரசு அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது. அப்படியானால் ஆபத்து உண்டா, இல்லையா?

கார் வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. 2023-இல் மொசில்லா அறக்கட்டளை 25 கார் கம்பெனிகளை ஆராய்ந்தது. அந்தரங்கத்தைக் காப்பதில் ஒன்றுகூடத் தேறவில்லை. அதே ஆண்டு டொயோட்டா, ஜப்பானில் சுமார் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வண்டி விவரங்கள் பத்தாண்டுகளாகத் திறந்து கிடந்ததை ஒப்புக்கொண்டது. ஆயினும் அவர்கள் காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போகலாம். நாம் அரிசியை விட்டுவிட்டு எதைத் தின்பது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 24-8-2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பங்களாவுக்கு மட்டும் வந்த தீர்ப்பு அல்ல அது. நமது ஒற்றை வாடகை அறைக்கும் உரியது.

ஆகவே நாம் கேட்கிறோம். ரேகை பதியாவிட்டால், பதிவேட்டில் எழுதிக்கொண்டு அன்றே அரிசி கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதித் தர வேண்டும். நகல் வாங்கும் கண்டிராக்டர், வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும்.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. நகல் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே எழுதுங்கள். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதார் போதுமா என்று கேளுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம்; படித்த பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் திறப்போம். ரேகை பதியாமல் திரும்பி வந்தவர் பெயர், தேதி, கடை எண் எல்லாம் அதில் ஏறட்டும். தனி ஒருவன் சொன்னால் புலம்பல் என்பார்கள். ஐம்பது பேர் கணக்கோடு சப்ளை ஆபீசுக்குப் போனால் பதில் சொல்லியாக வேண்டும். ரேகை தேய்ந்தது நம் குற்றமல்ல. நாம் உழைத்ததற்கு அதுவே சாட்சி.