முத்திரை மோதிரமும் தூர ஆட்சியும்

அரசன் ஓரிடத்திருக்க, அவன் ஆணை வேறோரிடத்துச் செல்லுங்கால், அஃது அவனுடையதே என்று அறிவது எங்ஙனம்? இவ்வினா மிகப் பழையது. திருவாலங்காட்டில் 1905-ஆம் ஆண்டிற் கிடைத்த முதலாம் இராஜேந்திர சோழனுடைய செப்பேடுகளைக் கோத்த வளையத்திலே, புலியும் இரட்டை மீனும் வில்லும் பொறித்த அரச முத்திரை உளது. பழையனூரைக் கோயிலுக்கு அளித்த ஆணைக்கு அம்முத்திரையே சான்றாயிற்று.

இந்நாளில் ஸர்வர் ஓரூரிலும் அதனை ஆளும் அதிகாரி வேறோரூரிலும் இருப்பதுண்டு. முன்னர் வழங்கிய ‘டெல்நெட்’ முறையிற் கடவுச்சொல் மறைப்பின்றியே கம்பியிற் சென்றது. ஹெல்ஸிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அங்ஙனம் சென்ற கடவுச்சொற்கள் களவு போயினமையால், தாத்து இலோனென் என்பார் 1995-இல் ‘எஸ்.எஸ்.எச்.’ முறையை இயற்றினார். இதில் இரு திறவுகோல்களைக் கொண்டு புகலாம். ஒன்று ஸர்வரில் வைக்கப்படும். மற்றையது அதிகாரியின் கணிப்பொறியை விட்டு நீங்காது. அவர் தம் மறைத்திறவுகோலாற் கையொப்பமிட, ஸர்வர் தன்பாலுள்ளதைக் கொண்டு அதனைச் சோதித்து வாயில் திறக்கும். மறைத்திறவுகோல் வழியிற் செல்லாமையின் வழிப்பறிக்கு இடமில்லை.

இத்துணை நன்முறை இருந்தும், ‘ரூட்’ என்னும் பேரதிகாரத்துக்கு ஒரே கடவுச்சொல் வைத்துப் பலர் பகிர்ந்து வழங்குதல் தகாது என்பதே எம் கருத்து. அகாஸ்வேரு தன் மோதிரத்தைக் கழற்றி ஆமானுக்குக் கொடுத்தான். யூதரை அழிக்குமாறு 127 நாடுகளுக்கும் கட்டளை சென்றது. முத்திரை அரசனுடையது, கருத்தோ ஆமானுடையது. பதிவேடுகளை 180 நாள் காக்குமாறு இந்திய அரசின் ‘ஸெர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28-இல் விதித்தது. ஐவர் ஒரு பெயராற் புகுவராயின், அப்பதிவேடு யாரைக் காட்டும்?

ஆதலின், ஒவ்வொருவரும் தத்தம் பெயராலும் திறவுகோலாலும் புகுந்து, வேண்டும்போது மட்டும் பேரதிகாரம் பெறுக. ‘ரூட்’ நேரே புகும் வாயிலை அடைத்திடுக. திறவுகோல் கெட்டால் தாமே வெளியில் நிற்க நேருமே என்று அஞ்சுவாருளர். அவ்வச்சம் நியாயமே. முதலிற் புகுந்த தொடர்பை விடாது, மற்றொரு தொடர்பாற் புதிய திறவுகோலைச் சோதித்த பின்னரே கடவுச்சொல் வழியை அடைத்தால் அது நீங்கும். வேறொருவர்க்கும் தனித் திறவுகோல் அளித்து வைத்தல் பின்னும் நலம்.

பணி விட்டுச் செல்வாருடைய திறவுகோலை அன்றே நீக்குதலும் கடன். ஆமானிடமிருந்து மோதிரம் மீண்டபோதும், முன்னர்ச் சென்ற கட்டளையை மீட்க இயலவில்லை. மாணாக்கர் பலருடைய மதிப்பெண்களும் கட்டணக் கணக்குகளும் ஒரு ஸர்வரில் அடங்கியிருக்க, அதனைக் காப்போர் இதனை மறவாதிருப்பாராக.