இரவில் உறங்கும் இருபது கணிப்பொறிகள்

சென்ற ஆண்டு சித்திரைத் திங்களில் நம்மவர் ஐவர் நகரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றோம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. இரவு பத்து மணிக்கு மேளம் தொடங்கினால் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் மங்களம். ஏழு மணி நேரமும் தமிழ்! 1960-இல் எல்லைக்கோடு திருத்தணியை அந்தப் பக்கம் வைத்தது, நகரியை இந்தப் பக்கம் வைத்தது. கூத்தாடுவோர் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இரண்டு காமிராக்களை வைத்து மூன்று இரவுகள் படம் பிடித்தோம். இன்று நம்மிடம் முழுமையாக இருப்பது ஓர் இரவுதான். மற்ற இரண்டில் துண்டு துண்டாகச் சில மணி நேரம் மட்டும்.

மிகுதி எங்கே? நாங்களே அழித்தோம். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அன்று கட்டியங்காரனாக ஆடிய முதியவர் இவ்வாண்டு அரங்கேறப் போவதில்லையாம்.

நடந்தது இதுதான். எங்கள் காமிரா ஒன்று மணிக்கு ஏறத்தாழ 45 ஜிகாபைட் எழுதும். இரண்டு காமிரா, ஏழு மணி நேரம் என்றால் இரவொன்றுக்கு 630. மறுநாள் மாலைக்குள் வட்டில் இடம் வேண்டும். என் மடிக்கணினியில் படத்தைச் சுருக்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேரப் படத்துக்கு ஆறு மணி நேரம் பிடித்தது! பொழுது சாய்வதற்குள் இரண்டு மணி நேரப் படம் முடிந்தது. மிகுதியை என் செய்வது? அழித்தோம்.

சுருக்குவதற்கு ஏன் இவ்வளவு நேரம்? முழு எச்.டி. பிரேம் ஒன்றில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். நொடிக்கு 25 பிரேம்கள். அப்படியே எழுதினால் நொடிக்கு 155 மெகாபைட் ஆகிவிடும். ஆகவே, ஒரு பிரேமை முழுதாக எழுதி, அடுத்தவற்றில் மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்வது வழக்கம். அர்ச்சுனன் தபசு மரத்தின் உச்சியில் அசையாது நிற்கும்போது வேலை எளிது. அவன் வில்லோடு சுழன்று ஆடத் தொடங்கிவிட்டாலோ, எந்தப் புள்ளி எங்கே நகர்ந்தது என்று பொறி தேடித் தேடி அலுத்துப் போகும். காமிரா இதை அவசரத்தில் அரைகுறையாகச் செய்கிறது. நிதானமாகத் தேடினால் அளவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைவதை என் கண்ணால் கண்டேன்.

இப்பொழுது செயற்குழுவில் ஒரு பேச்சு: மன்றத்தின் சேமிப்பு முழுவதையும் கொட்டி வலிமை வாய்ந்த கணிப்பொறி ஒன்று வாங்கலாம் என்று. நான் அதற்கு உடன்படவில்லை. நம் துறையின் கணிப்பொறிக் கூடத்தில் இருபது பொறிகள் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை வரை உறங்குகின்றன. அவை என் மடிக்கணினிக்கு இளைத்தவை அல்ல.

பலவற்றை ஒன்றாகப் பூட்டி உழுவது புதுமையன்று. 1994-இல் அமெரிக்க நாசாவில் ஸ்டெர்லிங், பெக்கர் என்னும் இருவர் கடையில் வாங்கக்கூடிய 16 சாதாரணப் பொறிகளை இணைத்து 'பேயோவுல்ஃப்' அமைத்தனர். நம் சென்னைத் தரமணியிலேயே கணித அறிவியல் நிறுவனத்தார் 2004-இல் 144 பொறிகளைக் கோத்து 'கப்ரு' என்னும் தொகுதியை இயக்கினர். அவர்கள் செய்தது இயற்பியல் கணக்கு. நம் வேலையோ அதைவிட எளியது. ஏனெனில் படத்தைத் துண்டாக்கலாம். முழுப் பிரேம் வரும் இடத்தில் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தனித்து நிற்கும்; முன் துண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. பின்னர் வரிசையாக ஒட்டிவிடலாம். வெட்டவும் ஒட்டவும் எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் போதும்.

ஓரிரவுக் கூத்தை இரண்டு நிமிடத் துண்டுகளாக்கினால் 420. ஒரு துண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். இருபது பொறிகள் என்றால் நாலேகால் மணி நேரம். தனியாளாக என் மடிக்கணினிக்கு மூன்றரை நாள்! பொறிக்கு இருபத்தொன்று என்று முன்கூட்டியே பங்கிட்டுவிடக் கூடாது. முடித்தவர்க்கு அடுத்தது என்று கொடுத்தால், மந்தமான பொறிக்காக மற்றவை காத்துக் கிடக்கமாட்டா. மின்சாரம் போனாலும் கையிலிருந்த துண்டுதான் நட்டம். எல்லாத் துண்டுக்கும் ஒரே தர அளவைக் கட்டளையிடவும் வேண்டும். இல்லையேல் ஒட்டிய இடத்தில் படம் திடீரென்று மங்கும்.

ஆனால் ஓர் இடர் உண்டு. வேலூரிலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. மாம்பழக்கூழ் ஆலையில் அப்பாவுக்கு வேலை. ஆனி மாதத்தில் ஆலை வாயிலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் சாலை நெடுகக் காத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உள்ளே எத்தனை பேர் கத்தியோடு அமர்ந்திருந்தால் என்ன? எடைமேடை ஒன்றுதானே! நம் கூடத்து எடைமேடை அந்தப் பழைய சுவிட்சு. நொடிக்கு 100 மெகாபிட்தான் கடத்தும். 630 ஜிகாபைட்டைப் பங்கிட்டு அனுப்பவே அதற்குப் பதினான்கு மணி நேரம் ஆகும்; பொறிகள் வாய் பிளந்து காத்திருக்கும். ஜிகாபிட் சுவிட்சானால் ஒன்றரை மணிக்குள் முடியும். செயற்குழு கேட்கும் கணிப்பொறியின் விலையில் இது சிறு துளி.

"சுருக்குவதற்கென்றே தனிச் சில்லுகள் வந்துவிட்டனவே" என்பார் நண்பர் ஒருவர். உண்மைதான், அவை விரைவானவை. ஆனால் அதே அளவுக்குள் நிதானமான மென்பொருள் தரும் தெளிவைப் பெரும்பாலும் அவை தருவதில்லை. யூடியூப்புக்காகக் கூகுள் தானே சில்லு செய்துகொண்டதை 2021-இல் வெளியிட்டது. அங்கும் படத்தைத் துண்டாக்கிப் பல பொறிகளுக்குப் பங்கிடும் வழக்கம் போய்விடவில்லை.

கூடத்தை இரவில் திறந்து வைக்க அனுமதி வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர் நம் தலைவர். பொறுப்பேற்று விழித்திருக்க இரவுக்கு இருவர் வேண்டும். சித்திரை பிறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வரும் பொதுக்குழுவில் என் வாக்கு சுவிட்சுக்கு. விழித்திருப்போர் பட்டியலில் முதற்பெயராக என்னை எழுதிக்கொள்ளலாம்.