சில நூறு ரூபாய் காவல்காரன்!



இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும் பதில். கீழவைப்பாரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

'என் வீட்டுக்காரர் முன்பு வள்ளத்தில் கடலுக்குப் போனவர். முதுகுவலி வந்த பிறகு கடன் வாங்கி, பழைய டீசல் கார் ஒன்றை எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறார். தூத்துக்குடி ஆஸ்பத்திரி, வாகைக்குளம் ஏர்போர்ட், விளாத்திகுளத்தில் கல்யாணம், வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணி... இதுதான் பிழைப்பு. வரவு செலவு எழுதுவது நான். ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் என்று பில் வருகிறது. லோக்கல் ஃபில்டர் போட்டால் பாதி விலைகூட இல்லை. மெக்கானிக் தம்பியோ, எல்லாமே காகிதம்தானே அக்கா, எதைப் போட்டால் என்ன என்கிறார். அவர் சொல்வது சரியா? இந்தச் செலவைக் குறைக்கலாமா?'

நல்ல கேள்வி. கணக்கு எழுதுபவரிடமிருந்துதான் இப்படி ஒரு கேள்வி வரும். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் சகோதரி. சர்வீஸ் பில்லில் வேறு எதில் கை வைத்தாலும் ஃபில்டரில் மட்டும் கை வைக்காதீர்கள். உங்கள் ஊருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஏன் என்று விளக்கமாகப் பார்ப்போம்.

இன்ஜின் குடிப்பது டீசலை மட்டுமல்ல!

வண்டி டீசலில் ஓடுகிறது, பெட்ரோலில் ஓடுகிறது என்கிறோம். உண்மையில் அது அதிகமாகக் குடிப்பது காற்றை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. டீசல் இன்ஜின் இதைவிடவும் கூடுதலாக இழுக்கும். டேங்கில் 30 லிட்டர் ஊற்றினால், கிட்டத்தட்ட 3 லட்சம் லிட்டர் காற்று இன்ஜினுக்குள் போய் வருகிறது. அந்தக் காற்றில் இருக்கும் தூசியை வாசலிலேயே நிறுத்துவதுதான் ஏர் ஃபில்டரின் வேலை.

நிறுத்தாவிட்டால்? மணல் தூசியில் இருப்பது சிலிக்கா. அது சாதாரண இரும்பையே கீறிவிடும். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத 10, 15 மைக்ரான் துகள் அந்த ஆயில் படலத்துக்குள் புகுந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல இரண்டு பக்கமும் தேயும். ரிங் தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும், ஆயில் எரியும், புகை வரும். இவை ஒரே நாளில் வருவதில்லை. அதனால்தான் மட்டமான ஃபில்டர் போட்டவருக்கு, 'நான் போட்டு ஒரு வருஷம் ஆச்சே, ஒண்ணும் ஆகலையே' என்று தோன்றுகிறது.

உங்கள் ஊர்க் காற்று வேறு

கீழவைப்பாரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல். மற்றொரு பக்கம் வைப்பாறு, வேம்பார் வரை நீளும் உப்பளங்கள். மேற்கே விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல் காடு. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண், ஆனி ஆடிக் காற்றில் மாவாய்ப் பறக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பு லாரிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போனாலே கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு படியும். சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் இடங்களின் புகையும் இதோடு சேரும்.

உப்பு மணலைப்போலக் கடினமானது அல்ல. ஆனால் அதற்கு வேறு ஒரு குணம் உண்டு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடற்கரையில் இரவில் அந்த அளவு ஈரம் சாதாரணம். ஃபில்டரில் பகலில் படிந்த உப்பு இரவில் ஈரம் பிடிக்கும். மட்டமான காகிதம் விறைப்பை இழந்து தொய்யும், மடிப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டும். உப்பு நீர் மறுபக்கம் கசியவும்கூடும். அங்கே காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சார் இருக்கிறது, அலுமினியக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உப்பு ஆகாது.

கார் கம்பெனி கொடுக்கும் கையேட்டை எடுத்துப் பாருங்கள். ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு எண் இருக்கும். பக்கத்திலேயே, தூசி நிறைந்த இடங்களில் ஓடும் வண்டிக்கு அதைவிடக் குறைந்த தூரத்தில் மாற்றச் சொல்லி ஒரு குறிப்பும் இருக்கும். பலரும் பெரிய எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊர் வண்டிக்குப் பொருந்துவது அந்தச் சின்னக் குறிப்பு.

கரி பஸ் காலத்துப் பாடம்

இது புதிய பிரச்னை அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, நம் ஊர் பஸ்கள் கரியை எரித்து வரும் வாயுவில் ஓடின. மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் அதற்கான 'கேஸ் பிளான்ட்'டையே தயாரித்துக் கொடுத்தது. பஸ்ஸின் பின்னால் கொதிகலன்போல ஒன்று நிற்கும், கையால் சுற்றிக் காற்று ஊதிவிட்டுத்தான் கிளப்புவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கரிவாயு வண்டிகளில் பெரிய தலைவலியே சாம்பல்தான். வாயுவைச் சரியாக வடிகட்டாமல் விட்டால் இன்ஜின் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் கரியைக் கிளறுவது எவ்வளவு முக்கியமோ, வடிகட்டியைச் சுத்தமாக வைப்பதும் அவ்வளவு முக்கியமாக இருந்தது. எரிபொருள் மாறிவிட்டது, விதி மாறவில்லை.

'எல்லாமே காகிதம்தானே?'

மெக்கானிக் தம்பியின் கேள்விக்கு வருவோம். ஆயில் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் ஒரு தகர டப்பா. உள்ளே காகிதம் மட்டும் இல்லை, இரண்டு வால்வுகளும் உண்டு.

ஒன்று பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, இன்ஜினுக்கு ஆயில் நின்றுபோகக் கூடாது. அப்போது இந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது அனுப்பும். ஆயிலே இல்லாமல் போவதைவிட அழுக்கு ஆயில் மேல். ஆனால் மட்டமான ஃபில்டரில் இந்த வால்வின் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால், வேளை கெட்ட வேளையில் திறந்துகொள்ளும். வண்டி ஓடும், ஆயில் சுற்றும், வடிகட்டல் மட்டும் நடக்காது.

இன்னொன்று, வண்டி நிற்கும்போது ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. அந்த ரப்பர் விறைத்துப் போனால், இரவெல்லாம் ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி 'கடகட'வென்று சத்தம் வந்து அடங்கும். தினமும் அப்படி வந்தால், தினமும் சில நொடி இன்ஜின் ஆயில் இல்லாமல் உரசுகிறது என்று பொருள். உங்கள் வீட்டு வாசலில் நாளைக் காலை காது கொடுத்துக் கேளுங்கள். சத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபில்டரைத்தான்.

உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த விஷயம்

டீசல் ஃபில்டர் பற்றி அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டீசலில் தண்ணீர் கலந்தால் நடுக்கடலில் இன்ஜின் என்ன பாடு படுத்தும் என்பது வள்ளம் ஓட்டியவருக்குத் தெரியும். கேனிலிருந்து ஊற்றும்போது துணி போட்டு வடித்திருப்பார். துணி தூசியைப் பிடிக்கும், தண்ணீரை முழுதாகப் பிடிக்காது.

காரில் இது இன்னும் நுட்பமான விஷயம். கார் டயரில் இருக்கும் அழுத்தம் 2 பாருக்குச் சற்று மேல். இன்றைய டீசல் கார்களில் இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டுகிறது. அந்த அழுத்தத்தில் வேலை செய்யும் பாகங்களுக்கு நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளிதான். டீசலே அதற்கு மசகும்கூட. அங்கே ஒரு துளி தண்ணீர் போனால் மசகு போகும், துரு ஏறும். ஒரு இன்ஜெக்டரின் விலை 10,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். நான்கு சிலிண்டர் என்றால் நான்கு இன்ஜெக்டர்!

எனவே டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்கும் வசதி உங்கள் காரில் இருந்தால், ஒவ்வொரு சர்வீஸிலும் வடிக்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், 'சவாரியை முடித்துவிட்டுப் பார்க்கலாம்' என்று ஓட்ட வேண்டாம். டேங்கர் வந்து டீசல் இறக்கிக்கொண்டிருக்கும் பங்க்கில் அந்த நேரத்தில் நிரப்பாதீர்கள். அடியில் தங்கிய கசடு கலங்கியிருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அப்படித் தண்ணீர் சூழ்ந்த வண்டியை வடிந்தவுடன் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இழுத்துக்கொண்டு போய், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, ஆயிலோடு எல்லா ஃபில்டர்களையும் மாற்றிய பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

மைலேஜ் கூடுமா?

'புது ஏர் ஃபில்டர் போட்டால் மைலேஜ் எகிறும்' என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புதிய வகை பெட்ரோல் கார்களில், அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை. பிக்கப்தான் அடிவாங்கியது. பழைய கார்புரேட்டர் வண்டியில் மட்டும் மைலேஜும் குறைந்தது. ஆகவே ஃபில்டர் உங்களுக்கு டீசலை மிச்சம் பிடித்துத் தருகிறதா என்று பார்க்க வேண்டாம். அது மிச்சம் பிடிப்பது இன்ஜினை.

செலவைக் குறைக்க வழி

கார் கம்பெனி பெட்டியில் வருவதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கார் கம்பெனிகளுக்கே ஃபில்டர் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்கள், தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கிறார்கள். விலை ஓரளவு குறையும், தரம் குறையாது. பெயர் தெரியாத டப்பாதான் கூடாது. பெயர் பெற்ற பெட்டியிலும் போலி வருகிறது. அதனால் பில்லோடு, தெரிந்த கடையில் வாங்குங்கள். கையில் எடுத்துப் பாருங்கள். மடிப்புகள் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓர ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும். பசை விட்டுப்போன இடம் இருக்கக் கூடாது.

ஏர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள், தரையில் ஓங்கித் தட்டாதீர்கள். கம்ப்ரஸர் காற்றைக் கிட்டத்தில் வைத்து அடித்தால், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதும் வேண்டாம். லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். பாதிச் சர்வீஸில் ஒருமுறை பார்த்தால் போதும்.

மாற்றும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினை நோக்கிப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணி சுத்தமாக வந்தால் காவல் சரியாக இருக்கிறது. மண் ஒட்டினால், ஃபில்டர் ஓரமாகவோ கிளிப் வழியாகவோ தூசி உள்ளே போகிறது. இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

ஏசி ஃபில்டரையும் மறக்க வேண்டாம். அது இன்ஜினுக்கு இல்லை, உள்ளே உட்கார்ந்து வரும் மனிதர்களுக்கு. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வண்டியில், மூச்சுத் திணறலோடு ஒருவர் பின் சீட்டில் இருந்தால் அதன் அருமை தெரியும்.

இனி உங்கள் நோட்டுக்கு வருவோம் சகோதரி. நல்ல ஃபில்டருக்கும் லோக்கல் ஃபில்டருக்கும் வித்தியாசம் ஒரு சர்வீஸுக்குச் சில நூறு ரூபாய், மிஞ்சினால் ஆயிரம். இன்ஜினை இறக்கி வேலை பார்த்தால் 50,000 ரூபாய் சாதாரணமாகத் தாண்டும். அதோடு வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாள்களுக்குச் சவாரியும் இல்லை, கடன் தவணை மட்டும் நிற்காது. ஒரு வேலை செய்யுங்கள். ஃபில்டர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அதே நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்தது எப்போது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். மெக்கானிக் மறந்தாலும் அந்தப் பக்கம் மறக்காது.

மெக்கானிக் தம்பியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் செலவைக் குறைக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். முடிந்தால் இந்தக் கட்டுரையை அவருக்கும் அனுப்புங்கள். வீட்டுக்காரரின் வண்டி நல்லபடியாக ஓடட்டும்.

அடுத்த வாரம் இன்னொரு கடிதத்தோடு சந்திப்போம்.