விவசாயியின் வருமானத்துக்குச் சாட்சி எது?

கிணற்றுப் பாசனத்தில் ஐந்து ஏக்கர், தொழுவத்தில் நான்கு கறவை மாடுகள். இவ்வளவு உள்ள ஒரு விவசாயி, ஒழுகும் ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட வங்கியில் அடமானக் கடன் கேட்கிறார். வங்கியில் கேட்கும் முதல் கேள்வி சம்பளச் சீட்டு எங்கே என்பது. இல்லையென்றால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான வருமான வரிக் கணக்கு வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. அவருடைய பாதி வருமானம்கூட இல்லாத மாதச் சம்பளக்காரருக்குக் கடன் கிடைத்துவிடுகிறது. விவசாயியோ வட்டிக்காரரிடம் போய், கடனுக்கு ஈடாக நிலத்தைக் கிரயமே எழுதிக் கொடுத்துவிடுகிறார். தவணை தவறினால் வீடு எழும்பும் முன்பே நிலம் போய்விடும்.

வேளாண் வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் விலக்களித்தது. 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் அந்த விலக்கை எடுத்துவிடவில்லை. வரி இல்லாததால் கணக்கு எழுதும் பழக்கமும் இல்லாமல் போயிற்று. வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும், வேளாண் வருமானத்தை விலக்குள்ள வருமானமாகக் காட்டி ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யத் தடை ஏதுமில்லை. ஆனால் பால், கோழி வளர்ப்பு ஆகியவற்றின் வருமானம் சட்டப்படி வேளாண் வருமானம் ஆகாது என்பதைப் பலர் அறிவதில்லை. அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்காக வருமானத்தைக் குறைத்துச் சொல்லி வாங்கிய சான்று அது. வீட்டுக் கடனுக்குப் போகும்போது அதே தாள் எதிர்ச் சாட்சியாக நிற்கிறது. இதில் அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

களத்துமேட்டிலேயே நிலக்கடலையை வியாபாரிக்கு அளந்து, ரொக்கமாகப் பணம் வாங்கி, அதை ரொக்கமாகவே செலவு செய்தால் அந்த வருமானத்துக்குத் தடயமே இராது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்றால் எடை, விலை, தொகை யாவும் எழுதிய சீட்டு கிடைக்கும். விவசாயியிடம் தரகு பிடிப்பதும் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பணம் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. பால் சங்கத்து அட்டையும், கரும்பு ஆலையின் பட்டுவாடாச் சீட்டும் நல்ல சான்றுகளே. இவற்றைக் கூரை எறவாணத்தில் செருகி வைக்காமல், மூன்று ஆண்டுகளுக்காவது வரிசையாகக் கோத்து வைக்க வேண்டும். வியாபாரிக்கே விற்றாலும் பணத்தைக் கணக்கில் போடச் சொல்லலாம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் அதைப் பிரித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் அவசியம். இல்லையேல் அடங்கலில் உள்ள பயிர் யாருடையது என்ற கேள்வி எழும்.

வங்கிகளின் போக்கும் மாற வேண்டும். அதே கிளைதான் பயிர்க் கடன் கொடுக்கிறது. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. அதிலிருந்து சாகுபடிச் செலவு தெரியும். அடங்கலில் பயிரும் பரப்பும் உள்ளன. விற்பனைச் சீட்டில் எடையும் விலையும் உள்ளன. நிகர வருமானத்தைக் கணக்கிட இதற்கு மேல் என்ன வேண்டும்? பயிர்க் கடனுக்கு அறுவடையைப் பார்த்துக் கெடு வைக்கும் வங்கி, வீட்டுக் கடனுக்கு மட்டும் மாதத் தவணை என்று பிடிவாதம் பிடிப்பது பொருந்தாது. கரும்பு வெட்டுக்கு வர 10 முதல் 12 மாதங்கள் ஆகும். ஆகவே கையெழுத்திடும் முன்பே அரையாண்டுத் தவணை கேட்டுப் பார்க்க வேண்டும். பால் பணம் தவறாமல் வரும் குடும்பங்கள் மட்டும் மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்ளலாம். அதுவும் மாடு வற்றும் மாதங்களைக் கழித்துப் பார்த்த பிறகு.