ஏழா? இருபதா?

நூற்றுக்கு ஏழு பேர் என்கிறது ஒரு கணக்கு. நூற்றுக்கு இருபது பேர் என்கிறது இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே ஆய்விலே வந்தவை. எண்ணியவர்களும் அவர்களே, எண்ணப்பட்ட பெண்களும் அவர்களே! பிறகு ஏன் இந்த வேறுபாடு? எதை நம்புவது? எதைத் தள்ளுவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பணிக்குழு, 2018 முதல் 2022 வரை நாட்டின் பல பகுதிகளிலே நடத்தி, 2024இல் வெளியிட்ட ஆய்வு அது. 18 வயது முதல் 40 வயது வரையுள்ள 9,824 பெண்களை அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். சினைப்பை நீர்க்கட்டி நோய், அதாவது நம் வீடுகளிலே "நீர்க்கட்டி" என்றும், "பி.சி.ஓ.டி." என்றும், மருத்துவர் வாயிலே "பி.சி.ஓ.எஸ்." என்றும் அடிபடுகிறதே, அந்த நோய் எத்தனை பேருக்கு என்று கணக்கெடுத்தார்கள். ஓர் அளவுகோலால் அளந்தபோது 7.2 விழுக்காடு. வேறோர் அளவுகோலால் அளந்தபோது 19.6 விழுக்காடு!

"இது பெண்கள் சமாச்சாரம் ஆயிற்றே! அரசியல் ஏட்டிலே இதற்கு என்ன வேலை? ஆலைத் தோழர்கள் படிக்கும் பக்கத்திலே மாதவிடாய்ப் பேச்சா?" என்று முகஞ்சுளிப்போர் உண்டு என்பதை நாம் அறிவோம். அவர்களைப் பார்த்துத்தான் நாம் இதை எழுதுகிறோம். தோழரே, உமக்குத் தாய் உண்டு, தங்கை உண்டு, துணைவி உண்டு, பள்ளிக்குப் போகிற மகள் உண்டு. நூற்றுக்கு ஏழு என்றாலும் உமது தெருவிலே இருக்கிறது. நூற்றுக்கு இருபது என்றால் உமது வீட்டிலேயே இருக்கக்கூடும். அது எங்கோ இருக்கும் எவர் வீட்டுக் கதையோ அல்ல!

ஏழு எப்படி இருபதாயிற்று? ஆலையை நினைத்துப் பாருங்கள், புரியும். "எத்தனை தொழிலாளர்?" என்று கேட்டால், முதலாளி நிரந்தரத் தொழிலாளியை மட்டும் எண்ணி ஒரு தொகை சொல்வார். சங்கமோ பதிலியையும், தினக்கூலியையும், ஒப்பந்தக் கூலியையும் சேர்த்து எண்ணி வேறு தொகை சொல்லும். வேலை செய்கிறவன் ஒருவனே. பட்டியலிலே பெயர் இருக்கிறதா இல்லையா என்பதிலேதான் பேதம். பட்டியலிலே இல்லாதவனுக்குப் போனஸ் இல்லை, விடுப்பு இல்லை, நியாயம் இல்லை. அதுபோலத்தான் இதுவும். பட்டியலிலே இல்லாத பெண்ணுக்கு நோய் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவள் படும் பாடு மட்டும் இருக்கிறது!

இந்தப் பட்டியல் வந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 1935ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரிலே, ஸ்டெயின், லெவெந்தால் எனும் இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிலக்கு நின்றுபோயிருந்தது, சினைப்பைகள் பருத்திருந்தன, முகத்திலே ரோமம், உடலிலே பருமன் என்ற அடையாளங்களையும் குறித்தார்கள். அந்த ஏழு பேரை வைத்து எழுதிய படமே பல ஆண்டுகள் பாடப் புத்தகத்திலே நின்றது. "நீர்க்கட்டிக்காரி என்றால் பருத்திருப்பாள், மீசை அரும்பியிருக்கும்" என்று உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. மெலிந்தவள் வந்தால்? முகம் தெளிவாக இருப்பவள் வந்தால்? "உனக்கு ஒன்றுமில்லையம்மா, போய் வா!"

1990இல் அமெரிக்காவிலே ஒரு வரையறை பிறந்தது. மாதவிலக்கும் ஒழுங்கற்றிருக்க வேண்டும். ஆண்தன்மைச் சுரப்பாகிய ஆண்ட்ரோஜன் மிகுந்ததற்கான அடையாளமும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நோய். 7.2 விழுக்காடு என்ற கணக்கு இந்தக் கோலால் அளந்தது. 2003இல் ராட்டர்டாம் நகரிலே கூடிய நிபுணர்கள் வேறு வகுத்தார்கள். ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜன் மிகுதி, படத்திலே தெரியும் சிறு பைகள் நிறைந்த சினைப்பை என்ற மூன்றிலே எவையேனும் இரண்டு இருந்தால் போதும், ஆனால் தைராய்டு போன்ற பிற கோளாறுகள் இல்லையென்று முதலில் உறுதி செய்யவேண்டும் என்றார்கள். 19.6 விழுக்காடு இந்தக் கோலால் அளந்தது.

மூன்றிலே இரண்டு! அப்படியானால் எத்தனை வகைப் பெண்கள்? நால்வரை வரிசையாக நிறுத்திப் பார்ப்போம்.

முதலாமவளுக்கு மூன்றும் உண்டு. அவளை எவரும் கண்டுகொள்வர். இரண்டாமவளுக்கு மாதவிலக்கு தவறுகிறது, முகத்திலே ரோமமும் பருவும் மிகுகின்றன. ஸ்கேன் எடுத்தால் சினைப்பை சரியாகவே இருக்கிறது. நீர்க்கட்டியே இல்லாத நீர்க்கட்டிக்காரி அவள்! மூன்றாமவளுக்கு மாதவிலக்கு நாள் தவறாமல் வருகிறது. ஆனால் ஆண்ட்ரோஜன் மிகுதி, சினைப்பையிலும் மாற்றம். நான்காமவளுக்கு முகம் தெளிவு, ரோமம் இல்லை. மாதவிலக்கு மட்டும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போகிறது, சினைப்பையிலும் மாற்றம் தெரிகிறது.

நோய் ஒன்று; முகம் நான்கு! நாம் சொன்ன அந்த இந்திய ஆய்விலே அதிகமாகக் காணப்பட்டது எந்த வகை தெரியுமா? மூன்றாவது வகை! கண்டறியப்பட்ட பெண்களிலே பத்துக்கு நால்வர், மாதந்தோறும் ஒழுங்காக விலக்காகிறவர்கள். "மாதாமாதம் சரியாக வருகிறதே, அவளுக்கு என்ன நோய்?" என்று கேட்கும் மாமியாருக்கும், அதையே திருப்பிச் சொல்லும் கணவனுக்கும் இதுவே பதில். உடற்பருமன் இருந்ததோ நூற்றுக்கு 43 பேரிடம்தான். "இளைத்திருக்கிறாளே, இவளுக்கா நீர்க்கட்டி?" என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

ஏன் இப்படி ஆளுக்கொரு விதம்? இதை விதி என்பான் ஒருவன், தோஷம் என்பான் மற்றொருவன், மந்திரித்த கயிறு கட்டச் சொல்வான் மூன்றாமவன். அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்போம். நாம் உண்ணும் உணவின் சர்க்கரையை உடலுக்குப் பங்கிட, கணையம் இன்சுலின் சுரக்கிறது. பலருக்கு உடல் அந்த இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிஞ்சிய இன்சுலின் சினைப்பையை முடுக்கிவிட்டு, ஆண்ட்ரோஜனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அந்த ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்க ஈரல் செய்யும் புரதமும் குறைந்துவிடுகிறது. விளைவு? மாதந்தோறும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவர வேண்டியது, பாதியிலே நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோன சின்னஞ்சிறு முட்டைப் பைகளைத்தான் "நீர்க்கட்டி" என்கிறோம். அவை உண்மையில் கட்டிகளே அல்ல! கருப்பையிலே இருப்பவையும் அல்ல! "கர்ப்பப்பையிலே கட்டியாம், எடுத்துவிட வேண்டுமாம்" என்று நடுங்கும் தாய்மார்கள் இதை அறிய வேண்டும். பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது, மாற்றுங்கள் என்று 2012இலேயே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு பரிந்துரைத்தது.

இன்சுலின் கோளாறு எல்லோருக்கும் ஒரே அளவிலே இல்லை. பரம்பரை வேறு, உடல்வாகு வேறு, வாழ்க்கை வேறு. ஒருத்தியின் தோல் ஆண்ட்ரோஜனுக்கு உடனே இணங்கும், ரோமம் வளரும். ஒருத்திக்குப் பரு. ஒருத்திக்கு உச்சந்தலையிலே முடி உதிரும். சீன, ஜப்பானியப் பெண்களிடம் ரோமம் அவ்வளவாகத் தெரிவதில்லை. நம் பகுதிப் பெண்களிடம் தெரிகிறது. நம்மவர்க்கோ மெலிந்த உடலிலும் சர்க்கரைக் கோளாறு சீக்கிரமே தலைகாட்டும். சிலர்க்குக் கழுத்திலும் அக்குளிலும் கருமை படரும். "அழுக்கு, நன்றாகத் தேய்த்துக் குளி!" என்று தாய் தேய்க்கிறாள், தோல் சிவக்கிறது, கருமை போகவில்லை. அது அழுக்கல்ல அம்மா! இன்சுலின் மிகுந்திருக்கிறது என்று உடல் எழுதிக் காட்டும் கடிதம் அது!

பெண்ணுக்குப் பெண் மாறுவது போதாதென்று, ஒரே பெண்ணிடமும் வயதுக்கு வயது மாறுகிறது. பதினாறிலே பருவாக வருகிறது. இருபத்தைந்திலே "இன்னும் குழந்தை இல்லையா?" என்ற கேள்வியாக வருகிறது. கருவுற்றால் கர்ப்பகாலச் சர்க்கரையாகவும் இரத்தக் கொதிப்பாகவும் வரக்கூடும். நாற்பதிலே மாதவிலக்கு தானாகவே சீராகலாம். "விட்டது சனியன்" என்று மூச்சுவிடும் வேளையிலே சர்க்கரை நோயாகக் கதவைத் தட்டும். மாதக்கணக்கிலே விலக்காகாமல் விட்டால், கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது. மனச்சோர்வும் பதற்றமும் இந்தப் பெண்களிடம் அதிகம். "எந்நேரமும் எரிந்து விழுகிறாள்" என்று திண்ணையிலே குறைகூறும் தோழரே, அவள் உடலும் உள்ளமும் படும் பாட்டை ஒருநாள் கேட்டதுண்டா?

இங்கேதான் நாம் ஆண்களைப் பார்த்துச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. திருமணமாகி இரண்டாண்டு குழந்தை இல்லையென்றால், ஊர் யாரைப் பார்க்கிறது? அவளைப் பார்க்கிறது. சோதனைக்கு யார் போகிறார்? அவள் போகிறாள். மலடி என்ற சொல் யார் மீது விழுகிறது? அவள் மீது விழுகிறது. ஆண் தன் விந்தைச் சோதித்துக்கொள்ள வெட்கப்படுகிறான்! குறை ஆணிடமும் இருக்கும், இருவரிடமும் இருக்கும். முதல் நாளே இருவரும் சோதித்துக்கொள்வதுதான் நியாயம். நீர்க்கட்டி உள்ளவள் மலடியும் அல்லள்! அப்பெண்களிலே பலர் தாமாகவே கருவுறுகிறார்கள். முட்டை வெளிவர உதவும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உண்டு. மறுமணம் பேசத் துடிக்கும் உறவினருக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு வீட்டுக் கூத்தும் உண்டு. மணமாகாத மகளுக்கு மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதித் தருகிறார். மருந்துக் கடைக்காரர் "இது கருத்தடை மாத்திரை" என்கிறார். தகப்பனுக்குத் தலை சுற்றுகிறது; மாத்திரை சாக்கடைக்குப் போகிறது. மாதவிலக்கைச் சீராக்கவும் ரோமத்தைக் குறைக்கவும் அதே மாத்திரைதான் மருந்து. மானம் மாத்திரையிலா இருக்கிறது? மறுபுறமோ, விளம்பரத்தைப் பார்த்துப் பெயர் தெரியாத சூரணத்துக்கு ஆயிரக்கணக்கிலே கொட்டிக்கொடுக்கிறோம். பெயர் தெரியாத மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. 2019ஆம் ஆண்டு, நம் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளிலே மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயரெழுதாத மாத்திரைகள் தரப்பட்டதை, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை அம்பலப்படுத்தியது. தையல் இயந்திரம் நிற்கக்கூடாது. பெண்ணின் உடல் எக்கேடு கெட்டாலும் சரி! பெண்ணின் வலியைக் கேட்க நேரமில்லாதவர்கள் முதலாளிகள் மட்டும்தானா? வீட்டிலே நாம் எப்படி?

உலகெங்கும் இந்நோய் உள்ள பெண்களிலே பத்துக்கு ஏழு பேர் வரை, தமக்கு இது இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஏழு பேரிலே நம் வீட்டார் இல்லாதிருக்க என்ன செய்வது?

நாட்காட்டியிலே நாள் குறிக்கச் சொல்லுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு 21 நாளுக்குள்ளோ, 35 நாளுக்கு மேலோ தொடர்ந்து வருமானால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயதுக்கு வந்த முதலாண்டிலே நாள் முன்பின்னாவது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஓராண்டு கழிந்தபின் ஒருமுறையேனும் 90 நாள் தாண்டினால் காட்டியாக வேண்டும். சிறுமிக்கு உடனே ஸ்கேன் என்று ஓடாதீர்கள். வயதுக்கு வந்து எட்டாண்டு வரை அந்தப் படத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது 2023இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டு நெறி. வளர்ந்தவளுக்கும், மாதவிலக்குக் கோளாறும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் இருந்தால் ஸ்கேன் இல்லாமலே முடிவுசெய்யலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தோழர்களே, அது உமது காய்ச்சலுக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் உரியது!

நோய் முற்றிலும் மறைய மருந்து இல்லை. அடக்கி ஆள வழி உண்டு. நடை, உடற்பயிற்சி, அளவான உணவு, தேவைக்கேற்ற மருந்து. ஆனால் எல்லோருக்கும் ஒரே மருந்துச் சீட்டு பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்த மாத்திரையை உமது மகளுக்கு வாங்கிவராதீர்! அவள் நோயின் முகம் வேறு, இவள் நோயின் முகம் வேறு. நடக்கச் சொல்கிறோமே, விடியலுக்கு முன் எழுந்து நள்ளிரவிலே படுப்பவளுக்கு நடக்க நேரம் ஏது? ஒரு வேளைப் பாத்திரத்தைத் தோழர் கழுவினால் அந்த நேரம் பிறக்கும். சங்கங்களும் கேட்கட்டும்: பெண் தொழிலாளிக்கு மருத்துவமனை செல்லச் சம்பளத்தோடு விடுப்பு!

ஏழா, இருபதா என்று தொடங்கினோம். நாம் சொல்லும் விடை இதுதான்: எண்ணிக்கை குறைந்தால் நோய் குறைந்ததாகப் பொருளில்லை, எண்ணாமல் விடப்பட்டவர்கள் கூடினார்கள் என்றே பொருள். பதிலியையும் தொழிலாளி என்று எண்ணச் சொல்லிப் போராடுகிறவர்கள் நாம். இன்றிரவு வீடு சென்றதும், சோற்றுத் தட்டுக்கு முன்னே உட்காருமுன், ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" அவள் வியந்து பார்ப்பாள். பிறகு பேசுவாள். பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள்!